குறி பார்க்க ஒரு குரு

பெங்களூரில் ஐம்பதை நெருங்கும் மென்பொருள்காரர்கள் மூன்று வகை. மாரத்தான் ஓடுகிறவர்கள், நந்தி மலைக்கு சைக்கிள் மிதிக்கிறவர்கள், இரண்டையும் அடுத்த மாதம் தொடங்கப்போகிறவர்கள். மூன்றாம் வகையில் நான் பல வருடம் நிலையாக இருந்தேன். அசையாமல் நிற்பதற்கு மதிப்பெண் தருகிற ஒரு விளையாட்டு ஒலிம்பிக்கிலேயே இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல். ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். ஒரு கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொரு கையை பேன்ட் பைக்குள் விட்டுக்கொள்ளலாம். இப்படி நிற்பதில் எனக்கு இயற்கையாகவே திறமை உண்டு.

வீட்டில் சொன்னதும் மனைவி கேட்டது ஃபீஸ் எவ்வளவு என்றுதான். லைசென்ஸ் உண்டா என்று கேட்டவர் வீட்டுக்காரர். அவரை உட்காரவைத்துச் சட்டம் விளக்கினேன். 4.5 மில்லிமீட்டர் குண்டு, 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி என்றால் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அவர் பணிவாகத் தலையாட்டினார். ஐந்தாம் தேதி ஆனால் வாடகையை நினைவூட்டி வரும் போன் அந்த மாதத்திலிருந்து வருவதில்லை.

திருநெல்வேலியிலிருந்து அம்மா, "யாரைல சுடப் போற?" என்றாள்.

"பேப்பரைம்மா."

"அதுக்கா துட்டு குடுக்கணும்?"

இந்த ஊரில் துப்பாக்கிப் பயிற்சிக்கு இடம் கிடைப்பது கஷ்டமில்லை. ஜிம்முக்கு மேல்மாடியில், கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், பள்ளிக்கூடத்து பேஸ்மென்ட்டில் என்று பத்து மீட்டர் நீளம் எங்கே மிஞ்சினாலும் ஒரு ரேஞ்ச் முளைத்துவிடுகிறது. ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டம். துப்பாக்கியை நாலு கடை விசாரித்து வாங்கலாம், குருவை எந்தக் கடையில் விசாரிப்பது? எல்லா இடத்திலும் டிரையல் கிளாஸ் இலவசம் என்பதால் வரிசையாக ஏறி இறங்குவது என்று முடிவு செய்தேன்.

முதலில் போனது ஒரு முன்னாள் சாம்பியனிடம். சுவர் முழுக்கப் பதக்கங்கள். என் தொழிலைக் கேட்டவுடன் பிரகாஷ் நஞ்சப்பாவின் கதையைத் தொடங்கினார். பெங்களூர்க்காரர், அப்பாவும் துப்பாக்கி சுடும் வீரர். மகன் கனடாவில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்து பிஸ்டல் எடுத்தார். 2013இல் கொரியாவின் சாங்வோன் உலகக் கோப்பையில் வெண்கலம், 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வெள்ளி, 2016இல் ரியோ ஒலிம்பிக். எல்லாமே உண்மை. ஆனால் இந்தக் கதையைச் சொல்லாமல் பெங்களூரில் எந்த ரேஞ்சும் எந்த மென்பொருள்காரனையும் சேர்த்துக்கொள்வதில்லை என்பது பிறகு தெரிந்தது.

கதை முடிந்ததும் பிஸ்டலை எடுத்து, "இப்படித்தான்" என்று சுட்டார். பத்து. "பார்த்தீங்கல்ல? இப்படி." இன்னொரு பத்து. எப்படி என்று கேட்டேன். "ஃபீல் பண்ணணும் சார்." எதை என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அந்தக் கேள்வியை வாழ்நாளில் யாரும் அவரிடம் கேட்டதில்லை என்பது தெரிந்தது. சின்ன வயதிலேயே கை பழகிவிட்டவர்களுக்கு இது ஒரு சிக்கல். தாங்கள் என்ன செய்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது. தெரியாத ஒன்றை மாதக் கட்டணத்துக்குச் சொல்லித்தர முடியாது, அருகில் நின்று செய்து காட்டலாம். அன்று நான் சுட்டது பெரும்பாலும் இடது பக்கம் கீழே போனது. துப்பாக்கியின் சைட் சரியில்லை என்றார். வேறு துப்பாக்கி கொடுத்தார். அதுவும் இடது பக்கம் கீழே.

அடுத்த இடம் ஏ.சி. ரேஞ்ச், மின்னணு இலக்கு, காபி மெஷின். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ். பிளாட்டினத்தில் மனப் பயிற்சியாளரும் சத்துணவு ஆலோசகரும் சேர்த்தி. கோச்சுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், ஸ்போர்ட்ஸ் சயன்ஸ் படித்தவர். துப்பாக்கியைத் தொடவிடும் முன் பல பக்கக் கேள்வித்தாள் தந்தார். தூக்கம், செரிமானம், சிறுவயது பயங்கள். பிறகு குழலில் ஸ்காட் என்ற சென்சாரை மாட்டினார். கை எங்கெல்லாம் அலைகிறது என்பதை அது திரையில் கோடாக வரையும். நல்ல வீரருக்கு அது ஒரு சிறு முடிச்சாக இருக்குமாம். எனக்கு வந்தது மழை நாள் மாலையில் ஓலாக்காரர் சில்க் போர்டு நெரிசலைத் தவிர்க்க முயன்ற பாதை மாதிரி இருந்தது. குண்டு இடது பக்கம் கீழே போவதற்கு, தீர்ப்புக்குப் பயப்படும் மனநிலையே காரணம் என்றார். இருபத்தைந்து வருடம் அப்ரைசல் வாங்கியவனுக்கு அதில்லாமல் இருக்குமா?

எனக்கு அவரைப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சென்சார் பொய் சொல்லாது. ஆனால் சுடும்போது அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. முதலாமவர் இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நடுவில் ரைஃபிள் வகுப்பு ஒன்றிலும் எட்டிப் பார்த்தேன். கான்வாஸும் தோலுமாகத் தைத்த ஜாக்கெட், அதே கனத்தில் பேன்ட், தட்டை அடி ஷூ. அதை எல்லாம் போட்டால் கழிவறைக்குப் போகவே ஒரு உதவியாள் வேண்டும். பிஸ்டலில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ரைஃபிளில் அரை மில்லிமீட்டர். சுடுகிற குண்டே 4.5 மில்லிமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

மூன்றாவது ஆளைக் காட்டியவர் அல்சூரில் இளநீர் விற்கும் அம்மா. "நம்ம ஆளு ஒருத்தர் சொல்லித் தரார், மிலிட்டரி." எம்.இ.ஜி. எனப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் படைக்காரர்களை ராணுவத்தில் செல்லமாகத் தம்பி என்றே கூப்பிடுவார்கள். ஹவில்தாராக ஓய்வுபெற்ற இவர், வேலூர்ப் பக்கத்துக்காரர், தன்னை அழைத்ததை எல்லோருக்கும் திருப்பித் தந்துகொண்டிருந்தார். கண்ணாடி போட்ட, தலை நரைத்த என்னையும் தம்பி என்றுதான் கூப்பிட்டார். முள்வேலியைத் தகர்க்கும் குழாய் வெடிக்கு உலகம் முழுக்க 'பெங்களூர் டார்பிடோ' என்று பெயர். 1912இல் இங்கே மெட்ராஸ் சாப்பர்ஸோடு இருந்த கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கியது. இதை ஹவில்தார் தன் சித்தப்பா செய்த காரியம் போலச் சொல்வார்.

பதக்கம் இல்லை, திரை இல்லை. இலக்கு அட்டை கயிற்றில் போய்வரும். போனவுடன் கட்டணம் பேசவில்லை, பிஸ்டலை மேசையில் வைத்து, "குழல் எந்தப் பக்கம் பாக்கணும்?" என்றார். இலக்குப் பக்கம். "விரல் எங்க இருக்கணும்?" ட்ரிகருக்கு வெளியே. "டீ குடிக்கிறதுக்கு முன்னாடி?" விழித்தேன். "கைய கழுவணும் தம்பி. ஈயக் குண்டு."

பிறகு குண்டே தரவில்லை. கையைத் தூக்கு, குழல் நுனியிலுள்ள ஃப்ரண்ட் சைட்டைப் பார், ட்ரிகரை அழுத்து, இறக்கு. காலித் துப்பாக்கியோடு இதையே. எட்டு விநாடிக்குள் சுடத் தோன்றாவிட்டால் சுடாமலே இறக்கு. "இறக்கத் தெரியாதவன் சுடக்கூடாது." வாரங்கள் இப்படியே போயின. என் லேனுக்குப் பக்கத்தில் நாலாவது படிக்கும் ஒரு கன்னடப் பெண் மட்டும் படபடவென்று எட்டும் ஒன்பதுமாகச் சுட்டுத் தள்ளிவிட்டு, "அங்கிள், நீங்க மூச்சே விடல" என்று இங்கிலீஷில் எச்சரித்துவிட்டுப் போகும். குடகிலிருந்து வந்த ஒருவரும் வகுப்பில் இருந்தார். கொடவர்களுக்குத் துப்பாக்கி உரிமத்திலிருந்தே விலக்கு உண்டு, கைல்போல்து பண்டிகையில் தேங்காயைச் சுடும் போட்டி உண்டு. அவரும் தாத்தா துப்பாக்கியில் தேங்காய் உடைத்தவர்தான். இங்கே ஒற்றைக் கையில், பத்து மீட்டரில், சட்டைப் பொத்தான் அளவு வட்டத்தைத் தேடி அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது.

கடைசியில் குண்டு வந்தது. சுட்டேன். அந்த நேரம் ஹவில்தார் இலக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் வலது கையையே பார்த்து நின்றிருந்தார். அட்டை கயிற்றில் திரும்பி வருவதற்குள், "இடது பக்கம் கீழ. ஏழு" என்றார். ஏழுதான். "ட்ரிகர வெடுக்குனு இழுக்கிற. விரல் தனியா வேலை செய்யணும், மத்த நாலும் தூங்கணும்." சைட்டும் இல்லை, சிறுவயது பயமும் இல்லை, விரல்.

பெரிய ஆட்களின் கதைகளை அதன் பிறகு வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். பிஸ்டல் வீராங்கனை மனு பாக்கர் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் தன் பயிற்சியாளர் ஜஸ்பால் ராணாவோடு பிணங்கிப் பிரிந்தார். 2023இல் மறுபடி சேர்ந்தார். 2024இல் பாரீஸில் இரண்டு வெண்கலம். அங்கே ராணா அணியின் அதிகாரப்பூர்வப் பயிற்சியாளர் இல்லை, பார்வையாளர் மாடத்திலிருந்துதான் பார்த்தார். பதக்கத்தை வாங்கித் தந்தது அந்தப் பார்வையா என்று நான் சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பெண்ணைத் தெரிந்த கண் அது. அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்குக்குப் போகும் முன் ஜெர்மனியில் 40 அடிக் கம்பத்தில் ஏறி பயத்தைப் பழகினார். கடைசிக் குண்டு 10.8, தங்கம். இதை ஹவில்தாரிடம் சொல்லி நானும் ஏதாவது ஏறட்டுமா என்றேன். "மொதல்ல கண்ணாடிய மாத்து" என்றார்.

அதிலும் விஷயம் இருந்தது. பிஸ்டல் சுடும்போது இலக்கு மங்கலாகவும் ஃப்ரண்ட் சைட் தெளிவாகவும் தெரிய வேண்டும். என் தூரக் கண்ணாடிக்கு இலக்கு தெளிவு, படிக்கிற கண்ணாடிக்கு செய்தித்தாள் தெளிவு, கை நீட்டிய தூரத்துக்கு எதுவும் இல்லை. ஜெயநகரில் கண்ணாடிக் கடைக்காரர், "தூரத்துக்கா, படிக்கவா சார்?" என்றார். வலது கையை விரைப்பாக நீட்டி, ஆள்காட்டி விரலை அவர் நெற்றிக்கு நேரே பிடித்து, "இந்த நுனி தெரியணும்" என்றேன். "எந்த வேலைக்கு?" சொன்னேன். மறுநாளே கண்ணாடி தயாரானது, தள்ளுபடியோடு.

இப்போது வார நாட்களில் ஹவில்தார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சில்வர் பேக்கேஜில் சென்சார். ஒருவரிடம் மற்றவரைப் பற்றிச் சொல்வதில்லை. கையைப் பார்க்க ஒருவர், அது அலைவதைப் பார்க்க ஒருவர். சாம்பியனிடமும் எப்போதாவது போகிறேன். அவர் சுடுவதைப் பார்ப்பது அவ்வளவு அழகு, டிக்கெட் வாங்கலாம்.

அலுவலகத்தில் ஒரு நண்பனுக்கும் ஆசை வந்துவிட்டது. எப்படி கோச்சைத் தேடுவது என்று கேட்டான். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க விளக்கினேன். முதலில் பாதுகாப்பைச் சொல்கிறாரா, கட்டணத்தைச் சொல்கிறாரா என்று பார். நீ சுடும்போது அவர் கண் எங்கே இருக்கிறது என்று பார். ஒரே தவறை மூன்று பேரிடம் காட்டி மூன்று பேர் சொல்லும் காரணத்தையும் கேள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சூப்பர் பாஸ். இது ஆன்லைன்ல உண்டா?" என்றான்.

அன்று சாயங்காலம் அதை ஹவில்தாரிடம் சொன்னேன், சிரிப்பார் என்று. அவர் பிஸ்டலைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "இருக்கட்டுமே. மொத மாசம் கைய தூக்கி எறக்குறதுக்கு ரேஞ்சு இன்னாத்துக்கு? வூட்லயே தூக்கட்டும். பீச மட்டும் இங்க வந்து கட்டச் சொல்லு."