கையொப்பப் படலம்: சிறுவர் துப்பாக்கிச் சான்றிதழில் தாயாரின் இடம் குறித்து ஓர் ஆராய்ச்சி

பிரிட்டனில் ஷாட்கன் சான்றிதழ் பெறும் வழிமுறை பற்றி வழக்கறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள், காவல்துறை எழுதியிருக்கிறது, வேட்டைச் சங்கங்கள் துண்டறிக்கை போட்டிருக்கின்றன. ஆனால் விண்ணப்பிப்பவன் பதினைந்து வயதுப் பையன் என்றால், அந்தத் தாள் காவல்துறைக்குப் போவதற்கு முன்பே சமையலறையில் ஒரு விசாரணையைத் தாண்டியாக வேண்டும். அவ்விசாரணையை முறைப்படி ஆராய்ந்தார் எவரும் என் கண்ணில் படவில்லை. அக்குறை தீர்க்கவே இக்கட்டுரை எழுந்தது. ஆய்வுக்களம் இங்கிலாந்தின் நாட்டுப்புறம். நார்ஃபோக், லிங்கன்ஷயர், ஷ்ராப்ஷயர் போன்ற பக்கங்கள். லண்டன் தாய்மார்கள் இதில் சேர்க்கப்படவில்லை. அவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும். ஆராய்ச்சியாளனுக்கு அங்கே வேலையில்லை.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் ஷாட்கன் சான்றிதழுக்குக் குறைந்தபட்ச வயது என்று எதையும் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள் என்று அவ்வப்போது நாளிதழ்கள் பதறும். சட்டப்படி அதில் பிழை இல்லை. 15 வயது ஆகும்வரை 21 வயது நிரம்பிய ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் துப்பாக்கி சுட முடியாதபடி உறைக்குள் இறுகக் கட்டிக் கிடக்க வேண்டும். 15 ஆகிவிட்டால் அதை அன்பளிப்பாக வாங்கிக்கொள்ளலாம், சான்றிதழோடு தனியாகவும் எடுத்துப் போகலாம். காசு கொடுத்து வாங்கத்தான் 18 ஆக வேண்டும். இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் விசித்திரமானவை. பையன் இரட்டைக் குழல் துப்பாக்கிக்குச் சொந்தக்காரன், ஆனால் கடையில் போய் ஒரு தோட்டாகூட வாங்க முடியாது.

வயதைச் சொல்லாமல் விட்ட அரசு ஒன்றை மட்டும் மறக்காமல் கேட்கிறது: 18 ஆகாதவரின் விண்ணப்பத்தில் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். இதை நூற்பாவாக்கினால்,

வயதுரை யாச்சட்டம் தாயை உரைக்கும்

என்றாகும். இதன் பொருள்: எத்தனை வயதில் சுடலாம் என்று பாராளுமன்றத்துக்குத் தெரியாத காரணத்தால் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள் என்பதாம். ‘தாயை’ என்றது தந்தையை விலக்கியதன்று. அவர் முன்பே சம்மதித்துவிட்டமையின் தனித்துக் கூறாராயினர். அற்றேல், தந்தையின் ஒரு கையெழுத்தே போதுமே, தாயாரை ஏன் கேட்க வேண்டும் எனின், அவ்வாறு கேட்பார் அவ்வீட்டில் குடியிருந்து பார்த்திலர் என மறுக்க.

முற்காலத்தில் இத்தனை சிக்கல் இல்லை. 1870-இல் வந்த சட்டப்படி அஞ்சலகத்தில் 10 ஷில்லிங் கட்டினால் துப்பாக்கி உரிமம் கையில் கிடைத்தது. அரசுக்கு வேண்டியது வருமானம். ஆளின் யோக்கியதை பற்றி யாரும் கேட்கவில்லை. காவல்துறை பார்த்துக் கொடுக்கும் ஷாட்கன் சான்றிதழ் 1967-இல் இயற்றிய சட்டத்தின் வழியே வந்தது. இன்றைய பையன்கள் பொறாமைப்படத் தக்கவர்கள் 1870-களின் பையன்கள்தான். வீட்டில் பேச்சு கிளம்புவதற்குள் அஞ்சலகத்துக்கு ஓடிவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

இனி, பையன் கையாளும் உபாயங்கள். இவற்றைச் சாமம், தானம், பேதம், தண்டம் என்று நம் பழைய அரசியல் நூலார் வகுத்தபடியே வகுக்கலாம். நான்காவது ஆய்வுக்கு வராது. அதற்குரிய கருவியைக் கேட்பதற்குத்தான் மற்ற மூன்றும் செலவாகின்றன.

சாமம் பெரும்பாலும் காரில் தொடங்குகிறது. இது தற்செயல் அல்ல. வேலிகளுக்கு நடுவே ஒற்றைத் தடச் சாலை, முன்னால் ஒரு டிராக்டர், அம்மாவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில். முகத்தைப் பார்க்காமல் பேசலாம். அவரும் எழுந்து போய்விட முடியாது. பையன் வெளியே வயலைப் பார்த்தபடி, காட்டுப் புறாக்கள் எண்ணெய்க்கடுகுப் பயிரை எப்படி நாசம் பண்ணுகின்றன என்று ஆரம்பிப்பான். சேதி உண்மைதான். பயிருக்குப் பெரும் சேதம் வருவதைத் தடுக்கக் காட்டுப் புறாவைச் சுடப் பொது உரிமமே இருக்கிறது. ஆனால் காலையில் தன் நாய்க்குச் சோறு வைக்க மறந்தவனுக்கு ஊரார் பயிர்மேல் திடீரென்று இவ்வளவு கரிசனம் எங்கிருந்து வந்தது என்பதை அம்மா கவனிக்காமல் இல்லை. டிராக்டர் ஒதுங்கி வழிவிடும் வரை ஒன்றும் சொல்ல மாட்டார்.

சாமத்தின் இரண்டாம் கூறு தேசப்பெருமை. ஆம்பர் ஹில் என்ற பெண் பத்து வயதில் தாத்தாவோடு போய்ச் சுடப் பழகியவர். 2013-இல், 15 வயதில், ஸ்கீட் என்னும் தட்டுச் சுடும் பிரிவில் உலகக் கோப்பைப் போட்டியொன்றை வென்றார். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-இல் வெள்ளி வாங்கும்போது அவர் ஆம்பர் ரட்டர், கையில் சில மாதக் குழந்தை. இதைப் பையன் சொல்லி முடித்ததும் வரும் பதில்: “அந்தப் பொண்ணு தன் ரூமைத் தானே கூட்டியிருப்பா.” மேற்கோள் காட்டி வாதாடுகிறவன் மேற்கோளின் முழு வாழ்க்கைக்கும் பொறுப்பாகிறான் என்பதைப் பதினைந்து வயதில் யாரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

தானம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜி.சி.எஸ்.இ. பள்ளித்தேர்வு மதிப்பெண், பாத்திரம் கழுவுதல், பாட்டிக்குத் தொலைபேசுதல். எல்லாம் வருங்காலத்தில் செலுத்தத்தக்கவை. அம்மா ரொக்கம் கேட்பவர்.

பேதம் நுட்பமானது. அப்பாவிடம் சான்றிதழ் இருக்கிறது, ஒரு பழைய 12-போர் துப்பாக்கி இருக்கிறது, தன் அப்பாவோடு அக்டோபர் முதல் தேதி ஃபெசன்ட் பறவை வேட்டைப் பருவம் தொடங்கிய காலையில் போன கதையும் இருக்கிறது. பையன் இவரைத் தூண்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான். இத்துறையில் தந்தையர் பக்கம் இலக்கிய பலமும் உண்டு. மார்க் போஃபாய் என்பவர் 1902-இல் தம் மகனுக்காகத் துப்பாக்கிப் பாதுகாப்பைச் செய்யுளாகவே எழுதி, ‘தந்தையின் அறிவுரை’ என்று பெயரிட்டார். இன்றைக்கும் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் வீடுகள் உண்டு. தாயின் அறிவுரை யாப்பில் அமையவில்லை. ஒரே சொல்லுக்கு எதுகை தேட முடியாது என்பது காரணமாகலாம்.

அம்மாவின் வாதங்களில் தலையாயது எது? ஆபத்து என்பாரும், செலவு என்பாரும், முயல் பாவம் என்பாரும் உளர். இவை எல்லாம் முன்னணிப் படை. உண்மையான அடி வேறு இடத்திலிருந்து வருகிறது: “சுடறதுக்குத்தான் லைசென்ஸே வேண்டாமே?”

அவர் சொல்வது சரி. காவல்துறை அனுமதித்த தட்டுச் சுடுதல் மைதானத்தில், சான்றிதழே இல்லாதவன் அங்குள்ள துப்பாக்கியை வாங்கி, கீலும் சுண்ணாம்புப் பொடியும் கலந்து வார்த்த தட்டுகளை ஆசை தீர உடைக்கலாம். சான்றிதழ் உள்ள அப்பா அருகில் நின்றால், தனியார் நிலத்தில் அவருடைய துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுடவும் சட்டம் சில நிபந்தனைகளோடு விடுகிறது. ஆகச் சனிக்கிழமைதோறும் சுட்டுக்கொண்டிருக்கும் பையன் ஒரு காகிதத்துக்காக ஏன் மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும்?

இக்கட்டுரையின் கருதுகோள் இங்கேதான் நிற்கிறது. அந்தக் காகிதம் சுடுவதற்கு அன்று. அப்பா இல்லாமல் போவதற்கு. விடிகாலையில் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, நாயைக் கூட்டிக்கொண்டு, ‘காலைத் தூக்கி வை’, ‘குழலை இறக்கு’ என்று பின்னாலிருந்து குரல் வராமல் வேலியோரம் நடப்பதற்கு. ஒரு புறாவும் விழாமல் திரும்பினாலும் அவனுக்கு நஷ்டமில்லை. அம்மா அதை முதல் நாள் காரிலேயே புரிந்துகொண்டுவிட்டார். அதனால்தான் புறாவைப் பற்றியோ பயிரைப் பற்றியோ அவர் வாதாடவே இல்லை. அப்பாவுக்கு இது இன்னும் தெரியாது. மகன் தன்னோடு வரத்தான் ஆசைப்படுகிறான் என்று எண்ணிக்கொண்டு அவனுக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருக்கிறார்.

ஓரிடத்தில் கேலி செல்லாது. 2021 ஆகஸ்டில் பிளிமத் நகரில் ஓர் இளைஞன் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றான். பறிமுதல் செய்யப்பட்டிருந்த துப்பாக்கியும் சான்றிதழும் சில வாரங்களுக்கு முன்புதான் அவனிடம் திருப்பித் தரப்பட்டிருந்தன. அதன்பிறகு அந்த ஆண்டின் இறுதியிலிருந்து, மருத்துவர் தரும் உடல்நல, மனநல விவரம் இல்லாமல் சான்றிதழ் இல்லை என்றாயிற்று. அம்மா அந்த நகரின் பெயரைச் சொல்லும்போது பையன் பதில் சொல்வதில்லை. சொல்ல முயலாததை நான் அவன் கணக்கில் வரவு வைக்கிறேன்.

கையெழுத்து ஒருநாள் விழுகிறது. எப்போது, எதனால் என்று தாய்மார் சொல்வதில்லை. உருளைக்கிழங்கு சீவிய கையைத் துடைத்துவிட்டு, “பேனா எங்கே?” என்பார்கள். பிறகு காவல்துறையின் விசாரணை அலுவலர் வீட்டுக்கு வருவார். அம்மா தேநீர் போடுவார். அலுவலர் பையனிடம் கொஞ்ச நேரம் பேசுவார். துப்பாக்கியைப் பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டியிடம் இன்னும் கொஞ்ச நேரம். சுவரில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறதா என்று பிடித்து ஆட்டிப் பார்ப்பார். கடைசியாக, சாவி எங்கே இருக்கும் என்று கேட்பார்.

இங்கே ஓர் அதிசயம் நிகழ்கிறது. சான்றிதழ் இல்லாத எவர் கையிலும் அந்தச் சாவி சிக்கக்கூடாது, இருக்குமிடமும் தெரியக்கூடாது. அம்மாவிடம் சான்றிதழ் இல்லை. அப்பாவின் மூக்குக்கண்ணாடி, பையனின் ஒற்றைக் காலுறை, நாயின் தடுப்பூசி அட்டை, போன கிறிஸ்துமஸுக்கு வந்த டார்ச்சின் பேட்டரி என அவ்வீட்டில் எது எங்கே என்று கேட்டாலும் அறியும் ஒரே மனிதர், ஒரு சாவி இருக்குமிடத்தை மட்டும் அறியாதவராக இருக்க வேண்டும். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, அது தனக்கு மட்டுமே தெரிந்த இடத்தில் இருக்கிறது என்பார். அலுவலர் குறித்துக்கொள்வார். அம்மா பிஸ்கட் தட்டை நகர்த்துவார். அவர் முகத்தில் அப்போது தோன்றும் மெய்ப்பாட்டைத் தொல்காப்பியர் வகுத்த எட்டினுள் எதில் அடக்குவது என்பதை அறிஞர்கள் ஆராய்ந்து முடிவு செய்க.

சான்றிதழ் ஐந்தாண்டு செல்லும். 79.50 பவுண்டாக இருந்த கட்டணத்தை 2025 பிப்ரவரியில் 194 பவுண்டாக உயர்த்திவிட்டார்கள். அதை யார் கட்டுவது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அதற்கு நல்ல காலணி அணிந்து தாத்தாவைப் போய்ப் பார்க்க வேண்டும்.