கடல்பசுவுக்கு ஒரு கட்டு கோ-4

வண்டி பல்லடம் தாண்டியிருக்காது, எங்கள் பயணக் கூட்டத்து அண்ணன் முதல் பொட்டணத்தைப் பிரித்துவிடுவார். கச்சாயம். அடுத்தது தேங்காய் பன். தாராபுரம் வருவதற்குள் அரிசி முறுக்கு. ‘போதுமுங்கண்ணா’ என்றால் அவர் காதில் ‘இன்னும் ரெண்டு வைங்’ என்றுதான் விழும். மனிதர்களோடு நிறுத்திக்கொண்டால் நான் ஏன் எழுதப்போகிறேன்?

‘இயற்கையைத் தொந்தரவு பண்ணாம பாத்துட்டு வரோணுமுங்’ என்று வாட்ஸ்அப் குழுவில் முதலில் போட்டவரே அவர்தான். துணிப்பை, தொப்பி, எவர்சில்வர் பாட்டிலில் சிறுவாணித் தண்ணீர், கழுத்தில் பைனாகுலர். இதில் ஒரு குறை சொல்ல முடியாது. துணிப்பைக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் சங்கதி.

தொண்டிக்குப் பக்கம் காரங்காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள். ஏறுமுன் வழிகாட்டும் தம்பி விதிகளைச் சொல்வான்: சத்தம் கூடாது, பிளாஸ்டிக் கூடாது, பறவைக்கு எதுவும் போடக் கூடாது. எல்லாரையும் விடப் பலமாகத் தலையாட்டுபவர் அண்ணன். ‘கேட்டுக்குங்க எல்லாரும்!’ என்று பின்னால் திரும்பி நமக்கு ஒரு அதட்டல் வேறு.

படகு கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் ஒரு கடற்காகம் தலைக்கு மேலே வந்து கத்தும்.

‘பசிக்குதாட்ட இருக்குதுங்.’

‘இல்லண்ணே, அது கத்துறதே அப்படித்தான். மத்திய ஆசியாவுலேர்ந்து குளிருக்கு வர்ற பறவைண்ணே. மீனை அதுவே புடிச்சுக்கிரும்.’

ஆசியா கதையைத் தம்பி சொல்லியிருக்கக் கூடாது.

‘அத்தன தொலவுல இருந்து வந்திருக்குது, வெறும் வயித்தோட அனுப்பறதாங்?’

முறுக்கு பறக்கும். ‘இந்தா சாமி, தின்னு கண்ணு.’ ஒன்று வந்த இடத்தில் நாற்பது வரும். மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு முந்தும் கூட்டம் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும். படகில் இருப்பவர்கள் எல்லாரும் போன் தூக்கிக்கொண்டு ஒரே பக்கம் சாய்வார்கள். தம்பி ‘உட்காருங்கண்ணே! உட்காருங்கக்கா!’ என்று கத்துவான். இந்த அமர்க்களத்தில், சேற்றுத் திட்டில் ஒற்றைக்காலில் நின்றிருந்த நாரைகள் எல்லாம் எழுந்து போய்விடும். அவற்றைப் பார்க்கத்தான் இரவெல்லாம் வண்டியில் குலுங்கி வந்தோம்.

‘நாரை ஏனுங் நிக்கல?’ என்று கேட்பவரும் அவரே.

பாக் நீரிணையில் கடல்பசு உண்டு என்று தெரிந்ததும் அவருக்குப் புது உற்சாகம். அங்கே மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல்பசுக் காப்பகமாகவே அறிவித்திருக்கிறார்கள். கூச்சமுள்ள பிராணி, மூச்சு வாங்க மட்டும் மேலே வந்து போகும், ஊர்க்காரர்களுக்கே லேசில் தட்டுப்படாது என்று தம்பி விளக்குவான். அண்ணன் அதைக் காதில் வாங்கினால்தானே.

‘தினம் எத்தன கிலோ திங்கும்?’

‘முப்பது, நாப்பது கிலோ கடற்புல்லுண்ணே.’

‘நம்மூட்டு மாட்டுக் கணக்குத்தானுங்! நம்ம யுனிவர்சிட்டி கோ-4 புல்லு ஒரு கட்டு கொண்டாந்து போட்டா மேல வந்துருமில்லீங்?’

வேளாண் பல்கலைக்கழகத்தார் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை உருவாக்கியபோது உப்புத் தண்ணீரில் மேயும் மாட்டை மனதில் வைத்திருக்க மாட்டார்கள். தம்பி துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பழக்கம் கடலில் பிறந்ததல்ல. ஆழியாறு தாண்டி வால்பாறை மலையேறும் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை ஓரங்கட்டி, குரங்குக்கு வாழைப்பழம் நீட்டிப் பழகிய கை இது. நெல்லியும் பலாவும் தின்று காட்டோடு இருக்க வேண்டியவை, சிப்ஸ் பொட்டலத்துக்காக ரோட்டில் உட்கார்ந்து டயரில் மாட்டிச் சாகின்றன. வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டித் தர வேண்டி வந்தது. அதையும் அண்ணன் போட்டோ எடுத்து, ‘அருமை’ என்று போட்டு, கீழே குரங்குக்கு மிக்சர் கொடுக்கும் தன் படத்தையும் சேர்த்திருந்தார். எண்ணெயும் உப்பும் பறவை வயிற்றை என்ன செய்யும் என்று ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டாரா இந்த மனுஷன்? பிசினஸில் பைசா பைசாவாக யோசிக்கிறவர்தானே? யாராவது பக்குவமாகச் சொன்னால், ‘வாயில்லா ஜீவனுங்’ என்று நம்மை ஈவிரக்கம் இல்லாதவராக்கிவிடுவார். படகில் இருக்கும் பெண்கள் எல்லாம் அவர் பக்கம் சேர்ந்துகொள்வார்கள்.

கரைக்கு வந்ததும், படகோட்டும் அந்தத் தம்பி காலையிலிருந்து டீயோடு நிற்கிறான் என்று கண்டுபிடித்தவரும் இவர்தான். அவன் கையில் ஒப்புட்டை வைத்து, ரெண்டாவதும் உள்ளே போகும் வரை பக்கத்திலேயே நின்றார். நாங்கள் அதற்குள் நண்டு ரசம் எங்கே கிடைக்கும் என்று கிளம்பியிருந்தோம்.

அடுத்தது கோடியக்கரையாம். 1967-இலிருந்து சரணாலயமாக இருக்கும் இடம், பூநாரை வரும், வெளிமான் கூட்டம் கூட்டமாக மேயும் என்று நேற்றே குழுவில் போட்டுவிட்டார். கீழேயே இன்னொரு செய்தி: மானுக்காக மேட்டுப்பாளையம் மண்டியில் ஊட்டி கேரட் ஒரு மூட்டை சொல்லி வைத்தாயிற்று, ஆளுக்கு இவ்வளவு பங்கு. நான் இரண்டு மணி நேரம் யோசித்து, மரியாதை குறையாமல் ஒரு மறுப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் என் மனைவி ‘சரிங்கண்ணா’ என்று போட்டு, கைகூப்பும் பொம்மையையும் வைத்துவிட்டாள்.