கழி பிடித்தவர் கை: நூல் வீட்டு விசாரணை முறை பற்றிய ஒரு தொடக்க ஆய்வு

காஞ்சிபுரத்துப் பட்டைப் பற்றி இனி எழுத ஒன்றுமில்லை என்று அறிஞர் உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. உடலும் கரையும் சேரும் கோர்வையைப் பற்றி எழுதிவிட்டார்கள். உடலும் முந்தியும் சேரும் பிட்னியைப் பற்றி எழுதிவிட்டார்கள். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டம் பற்றியும், 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு பற்றியும் கருத்தரங்கம் போட்டு, மதியச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டார்கள். ஆனால் சிக்கு விழுந்த நூற்கழியை இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்டு, எழுந்திருக்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறாரே ஒருவர், அவரைப் பற்றி அரைப் பக்கம்கூடக் கிடையாது. இக்கட்டுரை அந்தக் குறையைப் போக்க முற்படுகிறது.

ஆய்வாளரின் தகுதி பற்றி ஒரு வார்த்தை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், சாயம் போட்ட பட்டு நூலைச் சில்லறையாக நிறுத்து விற்கும் வீட்டில் பிறந்தவர். கள ஆய்வுக்காக அவர் எங்கும் பயணம் போகவில்லை. களத்திலிருந்து தப்பித்துப் போகத்தான் முடியவில்லை.

முதலில் பொருளின் இயல்பு. ஒரு பட்டுக்கூட்டிலிருந்து வரும் இழை சில நூறு மீட்டரிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் நீளும். ராமநகரம், சிட்லகட்டா பக்கத்துக் கூடுகளிலிருந்து அப்படிப்பட்ட பல இழைகளைச் சேர்த்து இழுத்து, முறுக்கேற்றி, கழியாக்கி அனுப்புகிறார்கள். வரும்போது கழி ஒழுங்காகத்தான் வருகிறது. கச்சாப் பட்டின் மேல் ஒரு பசை இருக்கிறது. எடையில் ஏறக்குறையக் கால் பங்கு அதுதான். சாயப்பட்டறையில் சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அது கழன்றுவிடும். பட்டு பளபளக்கும், மெத்தென்றாகும், அதோடு யார் பேச்சையும் கேட்காததாகவும் ஆகிவிடும். கூட்டுக்குடும்பத்தில் தாத்தா போன பிறகு நடப்பதுதான் இங்கும் நடக்கிறது. அதன் பின் கழியை ஒழுங்கில் நிறுத்துபவை குறுக்கே போட்ட சில கட்டுநூல்கள் மட்டுமே. சாயத்தொட்டியில் ஒரு கட்டு அவிழ்ந்தால் போதும். கழியைத் தாங்கிச் சுழலும் பரிவட்டத்தில் மாட்டியதும் நாலு சுற்று ஒழுங்காக வந்து, ஐந்தாவது சுற்றில் ராட்டை நின்றுவிடும்.

சிக்கு விழுவது யாரால் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. கடைப் பக்கம் இருப்பவர்கள் பூனை என்பார்கள். அடுப்படிப் பக்கம் இருப்பவர்கள் அப்பா என்பார்கள். அறிவியல் இருவரையும் விடுவிக்கிறது. கலிபோர்னியாவில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர் ஒரு பெட்டிக்குள் கயிற்றுத் துண்டைப் போட்டு, பெட்டியைச் சுழற்றி, என்ன முடிச்சு விழுகிறது என்று ஆயிரக்கணக்கான முறை பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். கயிறு அரை மீட்டருக்கும் குறைவாக இருந்தால் அநேகமாக முடிச்சு விழுவதில்லை. நீளம் கூடினால் பல முறை சில நொடிகளிலேயே விழுந்துவிடுகிறது. இதற்காக அடுத்த ஆண்டு அவர்களுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் சோதித்த கயிறு சில மீட்டர்தான்; எங்கள் கழியின் நீளமோ கிலோமீட்டர்க் கணக்கு. ஆகவே சிக்கு விழுந்தது ஏன் என்று கேட்பதைவிட, விழாமல் இருந்த நாளில் என்ன நடந்தது என்று கேட்பதே முறை. பூனையின் மேல் இருந்த குற்றச்சாட்டு இத்துடன் தள்ளுபடி. அப்பாவின் மேல் இருப்பது நிலுவையில் உள்ளது. ஏனென்றால் அவர் இழுப்பார்.

இழுக்கக் கூடாது என்பதே இத்துறையின் முதல் விதி. நுனியைத் தேடக் கூடாது என்பது இரண்டாவது. தெரியாதவர்கள் நுனியைத்தான் தேடுவார்கள். தேடித் தேடி உள்ளே இருப்பதையும் வெளியே இழுத்து, சிக்கை வீடு முழுக்கப் பரப்பிவிடுவார்கள். தெரிந்தவர் கழியை வட்டமாகப் பிடித்து, மெல்ல உதறி, எந்த வளையம் எதற்கு மேலே படுத்திருக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் நகர்த்துவார். சிக்கை முதலில் பெரிதாக்க வேண்டும். பெரிதானால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். இதைத் தனியாள் செய்ய முடியாது. ஒருவர் கழியை விரித்துப் பிடிக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் முழங்காலில் மாட்டிக்கொண்டும் எடுக்கலாம்தான். ஆனால் எங்கள் ஆயாவுக்கு முழங்கால் வலி என்பது வீட்டில் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி. எனவே ஒருவர் எதிரே உட்கார்ந்தாக வேண்டும்.

இங்கேதான் ஆய்வின் மையம் இருக்கிறது. கழி பிடித்தவரின் நிலையைக் கூர்ந்து பாருங்கள். முழங்கை மடங்கி, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்து, கட்டைவிரல்கள் நிமிர்ந்து, சற்றுமுன் யாருக்கோ கும்பிடு போட்டுப் பாதியில் பிரித்ததுபோல் கைகள் நிற்கும். மூக்கு அரித்தால் அரித்ததுதான். செல்போன் அடித்தால் அடித்து ஓயும். எழுந்து போக முடியாது, ஏனெனில் கிலோ பல ஆயிரம் ரூபாய் பெறும் பட்டு அவர் மணிக்கட்டில் தொங்குகிறது. முகத்தைத் திருப்பவும் முடியாது; திருப்பினால் கை சாயும், கை சாய்ந்தால் வளையம் நழுவும், நழுவினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உலகத்தில் எந்த நீதிமன்றமும் சாட்சியை இவ்வளவு அன்பாகக் கட்டிப்போட்டதில்லை.

எங்கள் கருதுகோள் இது: நூல் வீட்டில் கழி பிடிக்க ஆளைத் தேர்ந்தெடுப்பது கை நீளத்தைப் பார்த்து அல்ல, வழக்கைப் பார்த்து. பத்தாவதில் கணக்குப் பாடத்தில் மார்க் குறைந்த செய்தி வந்த அன்று, ஆயா வீட்டில் இருந்த ஐந்து பேரை விட்டுவிட்டு, “டேய், நீ வாடா, உன் கை தான் சரியா இருக்கும்” என்று என்னை அழைத்தார். கை சரியாக இருப்பது அதற்கு முந்தின நாள் வரை யாருக்கும் தெரியாது. சித்தப்பா தனிக்குடித்தனம் பார்க்க வெள்ளைகேட் பக்கம் போய்வந்தது வெளியே தெரிந்த மறுநாள், அவர் கையில் ஒரு அரக்குக் கழி ஏறியது. ஆயா பேச்சை நேராக ஆரம்பிக்க மாட்டார். “கொஞ்சம் உசத்திப் புடி” என்பார். பத்து வளையம் நகரும். “அந்தப் பக்கம் தண்ணி எல்லாம் நல்லா வருதாமே?” என்பார். சித்தப்பா கழியைப் பார்ப்பார். வளையம் ஆயாவின் கையில் இருக்கும். “வாடகை எவ்ளோ சொல்றான்?” அடுத்த வளையம் நகரும். அன்று சிக்கு எடுத்து முடிந்தபோது மாலை ஆகியிருந்தது. அவ்வளவு பெரிய சிக்கு அது இல்லை என்று பெரியம்மா பின்னாளில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்.

நிறத்துக்கும் வழக்குக்கும் தொடர்பு உண்டா என்பதையும் பார்த்தோம். மாம்பழ மஞ்சள், இளம்பச்சை போன்றவற்றில் இழை பளிச்சென்று தெரியும். விளக்கு வெளிச்சத்தில்கூட எடுத்துவிடலாம். எனவே அவை சில்லறை வழக்குகளுக்கானவை. அரக்கு, மயில்கழுத்து, எம்.எஸ். நீலம் ஆகியவற்றுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும், திண்ணை வேண்டும், பொறுமை வேண்டும். சொத்து, சம்பந்தம், கடன் மூன்றும் இந்த நிறங்களில்தான் பேசப்பட்டுள்ளன. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் சிக்கு எடுக்க வேண்டும் என்பதால், சித்திரை, வைகாசியில் வழக்குகள் விரைந்து முடிகின்றன. அந்த மாதங்களில் சாட்சிகள் எதையும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இது காஞ்சிக்கு மட்டும் உரியதா? இல்லை. பிரடெரிக் லெய்ட்டன் என்ற ஆங்கிலேய ஓவியர் 1878 வாக்கில் வரைந்த படம் ஒன்றில், கிரேக்கத் தீவு ஒன்றின் மாடியில் ஒருத்தி நூலைச் சுற்றுகிறாள், எதிரே ஒரு சிறுமி கழியை இரு கைகளிலும் பிடித்திருக்கிறாள். கலை விமர்சகர்கள் வானத்தின் நீலத்தைப் பற்றி எழுதுவார்கள். நாங்கள் அந்தச் சிறுமி என்ன தப்பு செய்திருப்பாள் என்றுதான் யோசிக்கிறோம். உலகத்து அல்பாகாக்களில் பெரும்பகுதியை வளர்ப்பது பெரு நாடு. அந்த ரோமத்தில் திரித்த பின்னல் நூலையும் கழியாக விற்பதுண்டு. உருண்டையாகச் சுற்றுவது வாங்கியவர் பாடு. குளிர் நாடுகளில் அந்த நூலை விற்கும் சிறு கடைக்காரர் வீட்டிலும் யாரோ ஒரு கணவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று ஊகிக்க இடமுண்டு. ஆனால் ரோமம் இழுத்தால் இழுபடும், கொஞ்சம் மன்னிக்கும். பட்டு மன்னிக்காது. எனவே காஞ்சி மரபே கடுமையானது என்று கொள்க.

வரலாற்றுச் சான்றும் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தம சோழனின் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. காஞ்சி ஊரகத்துப் பெருமாள் கோயிலின் காரியத்தையும் கணக்கையும் கவனிக்கும் பொறுப்பு, பட்டசாலியர் என்ற நெசவாளர்கள் வாழ்ந்த சேரிகளிடம் ஒப்படைக்கப்பட்டதை அது சொல்கிறது. நாணயம், செல்வாக்கு என்று வரலாற்றாசிரியர்கள் காரணம் காட்டக்கூடும். எங்கள் முடிவு வேறு: கோயில் கணக்கில் விழுந்த சிக்கை எடுக்க, இழுக்காமல் எடுக்கத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் யார் என்று அரசனுக்குத் தெரிந்திருக்கிறது. நெசவாளரின் மூதாதை மார்க்கண்டேயர் தாமரைத் தண்டின் நூலில் தேவர்களுக்கு ஆடை நெய்தார் என்ற கதையும் ஊரில் உண்டு. தாமரை நூல் எவ்வளவு மெல்லியது என்பதைத் தண்டை ஒடித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். அதைச் சிக்கெடுத்தவர் யார் என்பதைக் கதை சொல்லவில்லை. செப்பேட்டிலும் அவர் பெயர் இல்லை.

இந்த மௌனம் தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். முதலாளி நெசவாளருக்குப் பட்டை நிறுத்துக் கொடுக்கிறார், ஜரிகையை மார்க் கணக்கில் கொடுக்கிறார், முடிந்த சேலையை மறுபடி நிறுத்து வாங்குகிறார். குறைந்தால் பிடித்தம். கூலி சேலைக்கு இவ்வளவு என்று, தறியில் உட்கார்ந்தவர் பேரில் எழுதப்படுகிறது. நூல் சுற்றியவர், தார் போட்டவர், கோர்வைக்கு மறுபுறம் உட்கார்ந்து நாடா எறிந்த பிள்ளை, விடிகாலையில் தெருவில் பாவு தோய்ந்தபோது இழை பார்த்தவர், இவர்களெல்லாம் அந்த ஒரு வரிக்குள்ளேயே அடக்கம். சிக்கெடுத்தவர் அதற்குள்ளும் இல்லை. எங்கள் கடையில் விற்கும் நூலுக்கும் அப்படித்தான். சிக்கில்லாத கழிக்கும், ஒரு பகல் முழுக்க ஆயா எடுத்துக் கொடுத்த கழிக்கும் ஒரே விலை. வாங்க வருபவர் கையில் எடுத்து உதறிப் பார்த்து, “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் விலையைக் குறைக்கச் சொல்வார். ஆயாவுக்கு இந்த வேலையில் கிடைத்த ஒரே ஊதியம் தகவல். அதை அவர் வட்டியோடு வசூலித்தார் என்பதே மேலே கண்ட தரவுகள் காட்டும் உண்மை.

இனி எதிர்வாதம். மோட்டார் ராட்டை வந்துவிட்டதே, இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பார்கள். மோட்டார் சிக்கைக் கண்டு நிற்பதில்லை, இழையை அறுத்துக்கொண்டு போகிறது. அறுந்ததை முடிந்துகொள்ளலாம். கழிவு கொஞ்சம் கூடும், நேரம் மிச்சமாகும். மிச்சமான நேரத்தில் எங்கள் குடும்பம் வாட்ஸ்அப் குழு தொடங்கியது. அதில் எல்லோருக்கும் இரண்டு கையும் சும்மா இருக்கின்றன. பொதுச்சுவர் யாருடையது என்ற கேள்வியைப் பெரியம்மா அதில் போட்டார். சித்தப்பா ஒரு பூங்கொத்துப் படமும் காலை வணக்கமும் அனுப்பினார். அத்தை காமாட்சியம்மன் படம் அனுப்பினார். வழக்கு அதன் பிறகு ஓரடி நகரவில்லை. இடையில் இரண்டு பேர் குழுவைவிட்டு வெளியேறியும்விட்டார்கள். திண்ணையில் கழியோடு உட்கார்ந்தவர் யாரும் அப்படி வெளியேறியதற்குப் பதிவு இல்லை.

ஆகவே ஆய்வாளரின் பரிந்துரை: வரும் ஞாயிறன்று ஒரு கழியை வேண்டுமென்றே சிக்காக்கி, சித்தப்பாவை வரவழைப்பது. ஆயா ஒப்புக்கொண்டுவிட்டார், முழங்கால் வலியும் தயார். கட்டுநூலை அவிழ்ப்பது யார் பொறுப்பு என்பதும் முடிவாகிவிட்டது, பூனைதான். எந்த நிறம் என்பதில் மட்டும் இழுபறி நீடிக்கிறது. பெரியம்மா அரக்கு என்கிறார். வெயில் காலம், மஞ்சளே போதும் என்கிறார் அம்மா. நூலுக்குக் காசு யார் கொடுப்பது என்று அப்பா கேட்கிறார்.