நாலு பக்க மனு

நகரப் பேருந்துச் சேவையை எப்படிச் சீர்செய்யலாம் என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காதவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். டீக்கடையில், ஆபீஸ் கேண்டீனில், மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோதும் பாதி சொன்னேன். மாத்திரைக்கு மூலப்பொருள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறவன் நான். கணக்கெழுதுகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் சிவப்பு மையால் ஒரு கோடு போடத் தோன்றும்.

பட்டான்செரு, ஹைதராபாத்தின் மேற்கு ஓரம். மும்பை நெடுஞ்சாலை நகரத்துக்குள் நுழைகிற வாசல். இங்கிருந்து 218-ஆம் எண் பஸ் கோட்டிக்கும் 219 செகந்திராபாத்துக்கும் போகின்றன. இக்ரிசாட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் முடியாத மதில், பீரம்குடா, ராமச்சந்திராபுரம், லிங்கம்பள்ளி, மியாப்பூர் என்று ஒரே நேர்கோடு. 2017-இல் மெட்ரோ ரயில் மியாப்பூர் வரைக்கும் வந்து நின்றுகொண்டது. அதை 13.4 கிலோமீட்டர் நீட்டி எங்கள் ஊருக்குக் கொண்டுவரும் யோசனை இரண்டாம் கட்டத் திட்டத்தில் இருக்கிறது. அந்த யோசனையைக் காட்டி இங்கே ஃபிளாட் விற்கிறார்கள். வாங்கியவர்கள் 219-க்குக் காத்திருக்கிறார்கள்.

என் முதல் சறுக்கல் படிக்கட்டிலேயே நடந்தது. சென்னையில் பஸ்ஸை நெடுக்குவாட்டில் பிரித்து, இடப்பக்கத்தைப் பெண்களுக்குக் கொடுத்திருப்பார்கள். இங்கே குறுக்குவாட்டில்: முன்பாதி பெண்களுக்கு, பின்பாதி ஆண்களுக்கு. இது தெரியாமல் முன்வாசலில் ஏறி, வலப்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து, இக்ரிசாட் மதிலை ரசித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நின்ற பாட்டி தெலுங்கில் நீளமாக ஏதோ சொன்னார். சொந்த ஊரை விசாரிக்கிறார் என்று நினைத்து, "தஞ்சாவூர்" என்றேன். முன்பாதி முழுக்கச் சிரித்தது.

2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் மகாலட்சுமி திட்டம். நகரத்தில் ஆர்டினரியிலும் மெட்ரோ எக்ஸ்பிரஸிலும் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் இது 2021 மே மாதமே வந்துவிட்டது. இங்குள்ள நண்பர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். அதே திட்டம் நான் நிற்கும் ஸ்டாப்புக்கு வந்து, பின்பாதியிலும் பெண்கள் உட்கார்ந்து, நான் கம்பியில் தொங்க நேர்ந்தபோது என் சமூகநீதி லேசாக இருமியது. வீட்டுக்கு வந்து கூட்டத்தைப் பற்றிப் புலம்பினேன். என் மனைவிக்கு முன்பெல்லாம் செகந்திராபாத் ஸ்கந்தகிரி முருகனைப் பார்க்க வேண்டுமென்றால் என் ஞாயிற்றுக்கிழமை வேண்டும். இப்போது கிருத்திகைக்குக் கிருத்திகை ஆதார் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு 219-இல் தனியாகப் போய்வருகிறாள்.

"கூட்டம் கூட்டம்னு சொல்றீங்களே, இத்தனை பேரும் இதுக்கு முன்னாடி எங்கே இருந்தாங்கன்னு யோசிச்சீங்களா?" என்றாள்.

'வீட்டில்' என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

பெண்களுக்குக் காசு வாங்காமல் அடித்துத் தரும் ஜீரோ டிக்கெட் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காசு வாங்காத பயணத்துக்கு எதற்குச் சீட்டு, எதற்கு இந்தக் காகிதச் செலவு என்று ஒரு கண்டக்டர் அம்மாவிடம் நியாயம் கேட்டேன். சீட்டுகளின் கணக்கை வைத்துத்தான் அரசு, போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் தருகிறது, சீட்டு அடிக்காமல் விட்டால் அந்தப் பயணமே நடக்கவில்லை என்றுதான் பொருள் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். வவுச்சர் இல்லாமல் பத்து ரூபாய் கொடுக்காத கணக்குப்பிள்ளைக்கு வவுச்சர் என்றால் என்னவென்று பாடம்.

இனி, சேர்ந்து வரும் பஸ்களின் கதை. நெடுநேரம் எதுவும் வராது. வந்தால் மூன்று ஒன்றாக வரும். டிரைவர்கள் டீக்கடையில் கூடிப் பேசிவைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று நீண்ட காலம் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் பரப்பவும் செய்தேன். நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் இதற்கு 1964-இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஒரு பஸ் ஏதோ காரணத்தால் ஒரு நிமிடம் பிந்தினால், அந்த ஒரு நிமிடத்துக்குள் அடுத்த ஸ்டாப்பில் இன்னும் சிலர் வந்து சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஏற்றுவதில் மேலும் தாமதம். அதற்கடுத்த ஸ்டாப்பில் கூட்டம் இன்னும் பெரிது. பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற்ற ஆளே இருக்காது. அது காலியாக விரைந்து வந்து முன்னதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஒருவரும் சதி செய்ய வேண்டியதில்லை. வழியில் யாராவது ஒரு நிமிடத்தை விழுங்கினால் போதும்.

அந்த யாராவது யார் என்று யோசித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஸ்டாப் வரை நடக்கச் சோம்பி, எங்கள் தெருமுனையிலேயே கைகாட்டி நிறுத்துகிறவன் யார்? இத்தனை ஆண்டு இந்த ஊர்ச் சோறு தின்றும் பலகையில் உள்ள தெலுங்கைப் படிக்கத் தெரியாமல், எண்ணைப் பார்த்து ஏறி, எண்ணையும் நம்பாமல் படிக்கட்டில் நின்று "மியாப்பூர் போகுமா?" என்று கேட்கிறவன்? அதன் பிறகு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறவன்?

ஐந்நூறு ரூபாய்க்கு இந்த ஊரில் ஒரு வைத்தியம் உண்டு. சில்லறை இல்லாத இருவரைப் பிடித்து, இருவருக்கும் சேர வேண்டிய மீதியை ஒரே நோட்டாகக் கொடுத்து, "இத்தரு பஞ்சுகோண்டி" (இருவரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள்) என்று சொல்லிவிடுவார்கள். அப்படி ஒருநாள் எனக்கும் ஒரு கல்லூரிப் பையனுக்கும் பந்தம் ஏற்பட்டது. நோட்டு என் கையில். நான் மியாப்பூர்; அவன் ராமச்சந்திராபுரம். அவன் இறங்க, என் நேர்மை தாங்காமல் நானும் கூடவே இறங்கினேன். பஸ் போய்விட்டது. பழக்கடையில் சில்லறை இல்லை. மருந்துக்கடையில், எதையாவது வாங்கினால் தருவோம் என்றார்கள். எங்கள் இருவருக்கும் அப்போது உடம்புக்கு ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு மிர்ச்சி பஜ்ஜி வண்டியில் ஆளுக்கொரு தட்டு வாங்கி நோட்டை உடைத்தோம். பஜ்ஜி நன்றாகவே இருந்தது. ஆனால் இப்போது கணக்கு சிக்கலாகிவிட்டது: மீதியில் அவன் பங்கு, பஜ்ஜியில் என் பங்கு, நான் கூடுதலாகக் கேட்டு வாங்கிய வெங்காயம். விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பையன் வாயைத் துடைத்துக்கொண்டு, "அங்கிள், பஸ்ஸுலயே எனக்கு போன்பே பண்ணியிருக்கலாமே" என்றான். பண்ணியிருக்கலாம். அடுத்த பஸ் வரும்வரை இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. நான் ஏறினேன். கண்டக்டரிடம் நீட்ட என் பையில் மீண்டும் பெரிய நோட்டுதான் இருந்தது.

பஸ் எங்கே வருகிறது என்று செல்போனில் பார்த்துக் கிளம்பும் நவீனனாகவும் மாறிப் பார்த்தேன். வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தபடி ஒரு புள்ளி நகர்ந்து நெருங்குவதைப் பார்த்து, சரியான விநாடியில் எழுந்து ஓடினேன். அது எதிர்த்திசையில் போகிற வண்டி.

இவ்வளவு தகுதிகளோடும் எங்கள் அடுக்ககத்தில் எனக்கு 'மனு எழுதுகிற சார்' என்று பெயர். ஒரு சாயங்காலம், படிக்கட்டு பெருக்கும் பெண் என் மனைவி மூலமாக ஒரு வேலை சொல்லி அனுப்பினாள். அவளுக்கு இது இரண்டாவது வேலை. விடியற்காலையில் கொண்டாப்பூர்ப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியைத் துடைக்கப் போகிறாள். ஆறு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். அவளைப் போல வழிநெடுக நிறையப் பேர்.

"பஸ் ஃப்ரீதான் சார். அந்த நேரத்துக்கு பஸ் இருந்தால்தானே ஃப்ரீ? ஆட்டோவுக்குத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஐந்து மணிக்கு ஒரு பஸ். தினமும் அதே ஐந்து மணிக்கு. அதை எழுதிக் கொடுங்கள்."

ஒரு வரி. நான் நாலு பக்கம் எழுதினேன், இங்கிலீஷில். முதல் பக்கம் 1932 ஜூனில் ஆரம்பித்தது: நிஜாம் அரசின் ரயில்வே, 27 பஸ்களையும் 166 ஊழியர்களையும் வைத்து இந்தச் சேவையைத் தொடங்கியது. இரண்டாம் பக்கத்தில் பிரேசிலுக்குப் போனேன். குரிட்டிபா நகரம் 1974-லேயே பஸ்ஸுக்குத் தனிப்பாதை போட்டது. மூன்றாம் பக்கம் புள்ளிவிவரம்: லட்சம் பேருக்கு 60 பஸ் இருந்தால்தான் நல்ல சேவை என்று மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2009-இல் அளவுகோல் வைத்தது, கோடிப் பேரைத் தாண்டிய ஹைதராபாத்தில் அதில் ஏறக்குறைய பாதிதான் ஓடுகிறது, 2019-இல் 52 நாள் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு இருந்ததிலும் நூற்றுக்கணக்கில் குறைத்தார்கள். அத்தனையும் உண்மை. பிறகு ஏ.சி. பஸ் கேட்டேன். 2024-இல் சென்னையில் விட்ட மாதிரி தாழ்தளப் பஸ் கேட்டேன். இது என் முழங்காலுக்காக. ஸ்டாப்பில் செல்போன் சார்ஜ் போட இடம் கேட்டேன். நாலாம் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்குச் சற்று மேலே, விடியற்காலையிலும் சேவை இருப்பது விரும்பத்தக்கது என்று ஒரு வாக்கியம்.

அவளுக்குத் தெலுங்கில் விளக்கிச் சொன்னேன். பிரேசில் வரை கேட்டாள். "ஐந்து மணி எங்கே சார்?" என்றாள்.

நிஜமாகவே இல்லை. எந்த நேரம் என்று எழுத மறந்திருந்தேன்.

பேனாவால் ஓரத்தில் '5' என்று சொருகிக்கொண்டு, மறுநாள் அவளும் இன்னும் இரண்டு பெண்களும் டிப்போவுக்குப் போகும்போது பெரிய மனிதத் துணையாக நானும் போனேன். அவர்கள் நடந்து வந்தார்கள். நான் சற்றுப் பின்னால் வந்து சேர்ந்தேன். அதிகாரி நாலு பக்கத்தையும் புரட்டிவிட்டு மேசையில் வைத்தார். எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள், யாருக்கு எத்தனை மணிக்கு டூட்டி என்று கேட்டார். ஒரு பக்கம் முழுக்கப் புள்ளிவிவரம் எழுதியவனிடம் இது இல்லை. அந்தப் பெண் பீரம்குடாவிலிருந்து ஆரம்பித்து ஸ்டாப் ஸ்டாப்பாகச் சொன்னாள். கூட வந்தவர்கள் விட்டுப்போனதைத் திருத்தினார்கள். அதிகாரி இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து குறித்துக்கொண்டார். பிறகு மரியாதைக்காக என் பக்கம் திரும்பி, "சார், நீங்களும் தினமும் இந்த ரூட்டில்தான் போகிறீர்களா?" என்றார்.

"ஆமாம்" என்றேன். மடியில் ஸ்கூட்டர் ஹெல்மெட் இருந்தது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"சார் எழுதுறதுக்காக வந்தவர்" என்று அந்தப் பெண் எனக்காகப் பரிந்து பேசினாள்.

"அப்படியானால் நல்லது" என்றார் அதிகாரி. வெள்ளைத்தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "இப்போது சொன்னதை மட்டும் ஒரு பக்கத்தில், தெலுங்கில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்."

பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன்.