ஏழு சாவி, ஒரு காவலர்

மெட்டல் ரசிகர்களில் இவர் தனி ஜாதி. ஹாம்பர்க் பக்கம் ஏராளம். வாக்கன் மெட்டல் இசைவிழாச் சேற்றில் இறங்கினால் பத்தடிக்கு ஒருவர் அகப்படுவார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். உச்சியில் முடி விடைபெற்றிருக்கும். மிச்சமிருப்பது தோள் வரை தொங்கும். கையில்லாத ஜீன்ஸ் சட்டை முழுக்க இசைக்குழுக்களின் சின்னங்களைத் தைத்திருப்பார். அந்தச் சட்டையின் பொத்தான்கள் வயிற்றுக்கு மேல் சந்தித்துக்கொண்டு பல வருஷம் ஆகிறது. முதுகில் மட்டும் ஹெலோவீன் குழுவின் பூசணிக்காய் கம்பீரமாகச் சிரிக்கும்.

இவருக்கு வேதம் ‘கீப்பர் ஆஃப் தி செவன் கீஸ்’. முதல் பாகம் 1987, இரண்டாம் பாகம் 1988. மைக்கேல் கிஸ்கேயின் குரல், காய் ஹான்சனின் கிடார். இருவரும் குழுவை விட்டுப் போய் வெகுகாலம் கழித்து, 2005இல் ‘தி லெகஸி’ என்று அதே வரிசையில் ஓர் இரட்டை ஆல்பம் வந்தது. அறிவிப்பு வந்த அன்றே நம்மவர் தீர்ப்பு எழுதிவிட்டார். ஆனாலும் முதல் ஆளாகப் போய் வாங்கினார். கேட்காமல் திட்டுவது நியாயமில்லை அல்லவா?

இவருடைய சட்டப் புத்தகம் எளிமையானது. புதுப்பாட்டு பழைய மாதிரி இருந்தால், ‘சொந்தச் சரக்கு தீர்ந்துவிட்டது’. இல்லாவிட்டால், ‘துரோகம்’. 1988இன் தலைப்புப் பாடல் 13 நிமிடத்துக்கு மேல் ஓடும், அது காவியம். 2005இன் ‘தி கிங் ஃபார் எ தவுசண்ட் இயர்ஸ்’ 14 நிமிடத்தைத் தொடப் பார்க்கும், அது இழுவை. இரண்டுக்கும் அரை நிமிட வித்தியாசம்கூடத் தேறாது. அன்றைய ‘டாக்டர் ஸ்டைன்’ கிண்டல் மேதைமை. இன்றைய ‘மிஸஸ் காட்’ கிண்டல் சிறுபிள்ளைத்தனம். பாடகர் ஆண்டி டெரிஸ் 1994 முதல் அங்கேதான் பாடுகிறார். இவருக்கு அவர் இன்னும் ‘அந்தப் புதுப் பையன்’.

விழாவுக்கு வந்த இளைஞன் ஒருவன் விவரம் தெரியாமல் கேட்டான்: “சார், 1988இல் வந்ததும் இரண்டாம் பாகம்தானே?”

சுற்றியிருந்த டபுள் பேஸ் டிரம் சத்தமே ஒரு கணம் அடங்கியது போலிருந்தது. “தம்பி, அது இரண்டாம் பாகமே இல்லை. இரட்டை ஆல்பமாகப் போடத்தான் நினைத்தார்கள். கம்பெனி சம்மதிக்கவில்லை. ஒரே பிள்ளை, இரண்டு தவணையில் பிறந்தது!” சரித்திரம் சரிதான். பையன் பீர் வாங்கிவரப் போனவன் திரும்பவில்லை.

பிற ஊர்க் குழுக்களுக்கும் இவரிடம் ஒரே நீதி. கிங் டயமண்டின் ‘அபிகேல்’ 1987இல் வந்தது. அதன் தொடர்ச்சி 2002இல். தள்ளுபடி! குவீன்ஸ்ரைக் 1988இன் ‘ஆபரேஷன்: மைண்ட்கிரைம்’ கதையை 2006இல் தொடர்ந்தது. வில்லன் டாக்டர் எக்ஸுக்குக் குரல் கொடுக்க மெட்டல் பாடகர் ரானி ஜேம்ஸ் டியோவையே அழைத்து வந்தார்கள். கதையில் நாயகன் நிக்கி 18 ஆண்டு சிறையிருந்து விடுதலையாகிறான். நம்மவர் அவனை மறுபடி உள்ளே போட்டார்.

பிறகுதான் சோதனை வந்தது. கிஸ்கேயும் ஹான்சனும் குழுவுக்குத் திரும்பினார்கள். டெரிஸும் போகவில்லை. ஆக மொத்தம் ஏழு பேராகச் சேர்ந்து 2021இல் ‘ஹெலோவீன்’ என்று குழுவின் பெயரிலேயே ஓர் ஆல்பம் போட்டார்கள். இத்தனை வருஷம் இவர் கேட்ட வரம் கைக்கு வந்துவிட்டது. இரண்டு முறை கேட்டார். தாடியைத் தடவினார். “ஒரே கூட்டமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால், அந்த 2005 ஆல்பம் அப்படியொன்றும் மோசமில்லை” என்றார்.

ஆகவே இசைக்குழுக்களுக்கு ஒரு விண்ணப்பம். இவரிடம் பாராட்டு வாங்க வேண்டுமானால், புது ஆல்பத்தை வெளியிட்ட கையோடு அடுத்ததையும் வெளியிட்டுவிடுங்கள். முந்தையதற்குப் பாராட்டு நிச்சயம்.