அத்தானுக்கு ஒரு தீவுக் கடிதம்

தாராவி, மும்பை

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் தம்பி மகன் கரீபியன் தீவு ஒன்றில் சிவந்த பறவைகளுக்கு நடுவே நின்று எடுத்த போட்டோவை மூலைக்கரைப்பட்டி பஸ் ஸ்டாண்டு வரை காட்டியாகிவிட்டது என்று அக்கா சொன்னாள். "நீ பம்பாய்ல போய் குடோனத் தவிர என்னத்தலே பாத்த?" என்று போனில் கேட்டீர்கள். போனில் நீங்கள் அடுத்த ஆளைப் பேசவிட மாட்டீர்கள் என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

நான் இருப்பதும் தீவில்தான். பம்பாய் முன்பு ஏழு தீவு. வெள்ளைக்காரன் காலத்தில் இடையில் கிடந்த கடலைத் தூர்த்து ஒட்டவைத்தார்கள். தாராவி, மாஹிம் ஓடையோரத்து மீனவர் குப்பமாக இருந்தது. கடல் போய்விட்டது, மழைக்காலத்தில் மட்டும் பழைய முகவரி தேடி வீட்டுக்குள் வரும்.

காடும் இருக்கிறது. தாராவி பஸ் டிப்போவுக்கு எதிரே மகாராஷ்டிரா நேச்சர் பார்க், 37 ஏக்கர். ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிய மேட்டில் மண்ணைப் போட்டு மரம் வளர்த்து, 1994-ல் திறந்தார்கள். நம்ம ஊர்ப் பக்கத்துக் கூந்தன்குளத்தைப் பறவைச் சரணாலயமாக்கியதும் அதே வருசம்தான். உள்ளே வண்ணத்துப்பூச்சி, பறவை, மித்தி ஆற்றோரம் அலையாத்தி மரங்கள். ஒரே குறை, காட்டுக்கு மூடும் நேரம் உண்டு. விசில் ஊதினால் வெளியே வந்துவிட வேண்டும்.

இப்போது சிவந்த பறவைக்கு வருகிறேன். போன ஞாயிறு குரு தேக் பகதூர் நகர் (பழைய கோலிவாடா) ஸ்டேஷனில் ஹார்பர் லைன் வண்டி ஏறினேன். அடுத்தது வடாலா, அதற்கடுத்தது சிவ்ரி. லாரிகளுக்கு இடையே நடந்து படகுத்துறைக்குப் போனால், பீரங்கி மாதிரி கேமராக்களோடு ஒரு கூட்டம். கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துத்தான் போக வேண்டும். தண்ணீர் வற்றினால் பறவைகள் தூரத்துச் சேற்றுக்குப் போய்விடும், ஏறினால் கரைப் பக்கம் வரும். நாற்றம் தாங்காமல் எல்லோரும் கைக்குட்டையைத் தேட, மூக்கைப் பொத்தாமல் நின்றவன் நான் ஒருவன்தான். தாராவியில் இருந்ததற்கு அன்றைக்குத்தான் மரியாதை கிடைத்தது.

எதிரே சேறு முழுக்கப் பூநாரை! நவம்பர் வாக்கில் வந்து மே மாதம் வரை இருக்கும். பெரும்பாலும் குஜராத் கட்ச் பக்கத்திலிருந்து வருகின்றன. 1883-ல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் லட்சத்துக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். தாணே ஓடையில் இவற்றுக்கென்றே 2015-ல் சரணாலயம் அறிவித்தார்கள். தலையைக் கவிழ்த்துப் பாசியை அரித்துத் தின்கின்றன. குஞ்சு சாம்பல் நிறம்தான். பாசியில் உள்ள சாயம் உடம்பில் ஏற ஏறச் சிவக்கிறது. உங்கள் போட்டோவில் இருப்பது இதற்குப் பங்காளி முறை, நிறம் இன்னும் அடர்த்தி. ஆனால் அதற்குப் பின்னால் நீலக்கடல், இதற்குப் பின்னால் அடல் சேது பாலமும் கிரேனும்.

இவ்வளவு பாசி எப்படி வந்தது என்கிறீர்களா? ஊர்ச் சாக்கடையெல்லாம் ஓடையில் கலக்கிறது, அந்தச் சத்தில் பாசி செழிக்கிறது என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். கூந்தன்குளத்தில் பறவை எச்சம் கரைந்த தண்ணீர் நம்ம வயலுக்கு உரம். இங்கே நம்ம எச்சம் பறவைக்கு விருந்து. அங்கே தீபாவளிக்கு வெடி போடாமல் காப்பாற்றுகிறோம். இங்கே யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, அப்படியும் வருகின்றன. அதனால் இந்த ஊர் நல்ல ஊர் என்று எழுதிக் கொடுத்ததாகிவிடாது. ஓடை அளவுக்கு மேல் கெட்டால் அவையும் இடத்தைக் காலி செய்துவிடும். நமக்குத்தான் வாடகை அட்வான்ஸ் மாட்டியிருக்கிறது.

சிறுத்தையும் உண்டு. போரிவலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, 100 சதுர கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி இறங்கி வந்து தெருநாயைத் தூக்கிப் போகும். பாபநாசம் மலையில் நீங்கள் நாலு நாள் காத்திருந்தாலும் காணாததை, இங்கே அடுக்குமாடி வாட்ச்மேன் சிசிடிவியில் பார்த்துக்கொண்டே டீ குடிக்கிறார்.

நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஏறி, மே மாதத்துக்குள் அக்காவோடு வந்துவிடுங்கள். மாட்டுங்காவில் காப்பி, செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலில் தரிசனம், பிறகு சிவ்ரி. வெள்ளை வேட்டி வேண்டாம், சேறு போகாது. பறவை பார்க்கும்போது பேசக் கூடாது என்பதை மட்டும் இப்போதே பழகிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்