தொலைந்த வழிகாட்டி

கோஸ் மினார் என்பது முகலாயர் காலத்து மைல்கல். தொலைவில் வரும்போதே வழிப்போக்கன் கண்ணில் பட வேண்டும் என்றுதான் சுமார் 30 அடி உயரத்துக்குக் கட்டினார்கள். ஹரியாணாவில், ஃபரிதாபாத் பக்கம் முஜேசர் கிராமத்தில் நின்ற 13ஆம் எண் கோஸ் மினாரைக் காணோம். ஊருக்கெல்லாம் வழி காட்டியது, தானே வழி தவறிவிட்டது.

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் 3,693 சின்னங்கள் இருந்ததாக அப்போதைய பட்டியல். அதில் 24 ‘இருக்குமிடம் தெரியாதவை’ என்று நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையிலேயே வந்துவிட்டது. மண்ணுக்கடியில் புதைந்ததைத் தேடி எடுப்பதே தொழிலாக உள்ள துறை, தரைக்கு மேல் நின்றதைத் தொலைத்திருக்கிறது!

தேடிப் பார்த்தார்கள். அப்புறம் 2024 மார்ச்சில் 18 சின்னங்கள் ‘தேசிய முக்கியத்துவத்தை இழந்துவிட்டன’ என்று பட்டியலிலிருந்து நீக்கும் வேலை தொடங்கியது. அந்த 13ஆம் எண்ணும் அதில் அடக்கம். கல் கிடைக்காவிட்டால் என்ன, கணக்கு நேராகிவிட்டதே.

சின்னங்களின் வாசலில் நீலப் பலகை பார்த்திருப்பீர்கள்: சேதப்படுத்தினால் சிறை, அபராதம். தொலைத்தால் என்ன தண்டனை என்று எந்தப் பலகையிலும் நான் படித்ததில்லை.